ஞானத்தகப்பனின் சம்மதம்

சேசு மரி சூசை துணை

அபிஷேகப்பாக்கம்,
தவக்காலம், நான்காம் ஞாயிறு

அன்பு மகன் பிரிட்டோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அந்த மணல்காட்டு வெயிலில் உன் உடம்புக்கும் உள்ளத்துக்கும் ஒரு குறையும் வராமல் தேவமாதா தன் முந்தானையால் மூடிக் காக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் தெரு நடேசன் மகன் ராஜ்மோகன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மழை பெய்ததா மாடு கறக்குதா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆகணும். மழைக்கும் மாட்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மழை இல்லை, சம்பா அறுப்பு நல்லபடியாக முடிந்து உளுந்து விதைத்து அதுவும் காய் பிடித்துவிட்டது. மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளை. எனக்கு முட்டி வலி இருக்கிறது, ஆனால் கோயில் வரை நடக்கிறேன், முட்டி போடும்போது மட்டும் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். உன் அண்ணன் பாக்யராஜ் தவளக்குப்பத்தில் வைத்திருக்கும் மோட்டார் ரிப்பேர் கடை பரவாயில்லாமல் ஓடுகிறது, ரோட்டை அகலப்படுத்தப்போகிறோம் என்று அளந்துவிட்டுப் போனார்கள், கடையின் முன்பக்கம் கொஞ்சம் போகும் என்கிறார்கள், போனால் பார்த்துக்கொள்ளலாம். உன் அண்ணி உஷாராணி பிரசவப் பத்தியமெல்லாம் முடிந்து சமையலறைக்கு வந்துவிட்டாள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை என்று அந்தப் பெண் குழந்தையைத் தரையில் விட மாட்டேன் என்கிறாள், நான்தான் பாயில் போட்டு எண்ணெய் தேய்த்துக் கை காலை நீட்டி விடுகிறேன். பால் குடித்துக்கொண்டே இருக்கும், தொட்டால் முகத்தைச் சுருக்கி அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். உஷாராணி சொல்கிறாள், "பாருங்க அத்த, கோவம் வந்தா அப்படியே சித்தப்பா மாறியே மூஞ்ச திருப்பிக்குது. இதுக்கு நான் பால் குடுத்து இன்னா புண்ணியம்." நீ கோபப்படாதே, அவள் ஆசையாகத்தான் சொல்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் குழந்தைக்கு நீ ஞானத்தகப்பனாக இருக்கணும் என்று உன் அண்ணன் கேட்டு அனுப்பினான். நீ அவனுக்குப் பதில் சொல்லாமல் எனக்கு ஒரு வாய்ஸ் அனுப்பியிருந்தாய். "மனசு வரலம்மா. உள்ள ஒண்ண வச்சிக்கினு வாயில ஒண்ணு சொல்ல சொல்றியா? கோயில்ல நிக்கிற விஷயத்துல பொய் சொல்ல என்னால ஆவாது." இதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. கோயில் காரியத்தில் பொய் கூடாது என்று நினைக்கிறாயே, அந்தப் பயம் நல்ல பயம், அப்பா உனக்கு வைத்துவிட்டுப் போனது. ஆனால் நீ சொன்னதில் ஒரு இடத்தில் கணக்கு இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை நாள் ஆனது, அதனால்தான் தாமதமாக எழுதுகிறேன்.

நடந்ததை மறைத்துவிட்டுப் பேச நான் வரவில்லை. போன வருஷம் பாடுகளின் வாரத்தில் செவ்வாய்க்கிழமை உன் அப்பா போனார். புதன்கிழமை விட்டால் பெரிய வியாழனிலிருந்து உயிர்த்த ஞாயிறு பாஸ்கு முடிகிற வரை அடக்கப் பூசை கிடையாது, இது உனக்கும் தெரியும். "மத்ததெல்லாம் உங்க இஷ்டம், என்னைய பூச வச்சி எடுங்கடா" என்று அப்பா உங்கள் இரண்டு பேரிடமும் சொல்லியிருந்தார். நீ கேம்ப்பிலிருந்து கிளம்பிவிட்டேன், வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன் என்றாய். நான் பாக்யராஜிடம் சொன்னேன், ஐஸ் பெட்டிதான் வந்துவிட்டதே, சின்னவன் வரட்டும்டா, முகம் பார்க்கட்டும் என்று. அவன் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டான், "இன்னாமா பேசற நீ, பூச இல்லாம அப்பாவ எடுத்துகினு போவ சொல்றியா?" புதன்கிழமை மதியம் பூசை வைத்து எடுத்துவிட்டான். நீ பெரிய வெள்ளியன்று பையும் கையுமாக நேராகக் கல்லறைக்கு வந்து ஈர மண்ணைத்தான் பார்த்தாய். அங்கே நின்று நீ அவனிடம் சொன்னதை நான் எழுத மாட்டேன், அவனும் மறக்கவில்லை நீயும் மறக்கவில்லை. பிறகு பாஸ்கு முடிந்து அவன் சாமியாரைப் பார்க்கப் போனபோது அவர் சொன்னாராம், ஜெபம் மட்டும் சொல்லி வெள்ளிக்கிழமை அடக்கம் செய்துவிட்டு, பாஸ்கு முடிந்ததும் அப்பாவுக்காகப் பூசை வைத்திருக்கலாமே, தப்பே இல்லையே என்று. உன் அண்ணன் கோயில்பிள்ளைக்குப் போன் போட்டு வியாழனன்று பூசை உண்டா என்று கேட்டான், இல்லை என்றதும் வைத்துவிட்டான். அப்படியானால் வேறு வழி என்ன என்று அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அவன் செய்தது தப்பு. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை, அவன் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டான்.

இந்தத் தவக்காலத்தில் நம் கோயிலில் மூன்று நாள் தியானம் வைத்தார்கள். வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்து ஆத்துமாவைப் பற்றிப் பேசினார். ஆத்துமா ஒன்றுதான், ஆனால் அது மூன்று வேலை செய்கிறது, புத்தியால் அறிகிறது, உணர்ச்சியால் வருந்துகிறது மகிழ்கிறது, சித்தத்தால் தீர்மானம் செய்கிறது, மூன்றும் ஆண்டவர் கொடுத்தது, ஒன்றும் கெட்டதில்லை, ஆனால் ஒன்று செய்யவேண்டிய வேலையை இன்னொன்று செய்யப்போனால் வீடு தலைகீழாகிவிடும் என்றார். எனக்கு உடனே நம் வீடுதான் ஞாபகம் வந்தது. கேள்வி கேட்கலாம் என்றதும் நான் எழுந்து, உன் பெயரைச் சொல்லாமல், "மனசு ஒத்துக்காம ஒரு காரியம் செஞ்சா அது வேஷம் இல்லீங்களா சாமி?" என்று கேட்டேன். அவர், "வேஷம்னா அடுத்தவன் பாக்கறதுக்குப் போடறதும்மா. வலிக்க வலிக்க ஒருத்தன் நல்லது செஞ்சா அது யாரு பாக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பிவிட்டார். எனக்கு அது போதவில்லை. மீதியை நானே போன வருஷத்து உளுந்தைப் புடைத்துக்கொண்டும் வேதத்தைப் புரட்டிக்கொண்டும் யோசித்தேன். ஐந்தாவது படித்தவள் யோசித்தது, தப்பிருந்தால் உங்கள் மஸ்கட் கோயில் சாமியாரிடம் கேட்டுத் திருத்திக்கொள்.

புத்தி என்ன செய்யணும். நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள். கேஸ் விலை ஏறியிருந்தால் எனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் குறைத்து எழுத முடியாது, உள்ளதை உள்ளபடி எழுதணும். புத்தியின் வேலை அதுதான். உன் புத்தி "அண்ணன் செய்தது தப்பு" என்று எழுதி வைத்திருக்கிறது, அதை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மன்னிப்பு என்றால் தப்பைத் தப்பில்லை என்று சொல்வது என நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அப்படியானால் மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லையே. ஆனால் உள்ளதை எழுதுகிற புத்தி முழுசாக எழுதணும். அவன் உன்னைப் பழிவாங்க அவசரப்படவில்லை, அப்பா வார்த்தையைக் காப்பாற்றப் பார்த்தான், கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டான், இந்த மூன்று வரியும் சேர்ந்தால்தான் அது உண்மை. உணர்ச்சி என்ன செய்யும். அது வருத்தப்படும், எரியும், சில நாள் மரத்துப்போகும். நீ வரச் சொன்னால் வராது, போகச் சொன்னால் போகாது, அதனால் அது வராததற்கு உன்மேல் பாவமும் இல்லை. அப்பா முகத்தைப் பார்க்காத வலி அப்பாமேல் வைத்த அன்புதான், அதைப் பிடுங்கி எறிய யாருக்கு உரிமை இருக்கிறது. மூன்றாவது சித்தம். செய்கிறேன், செய்யமாட்டேன் என்று சொல்வது அது ஒன்றுதான். தீர்ப்பு நாளில் ஆண்டவர் நம்மிடம் கேட்கப்போவதும் அதைத்தான் என்று நினைக்கிறேன், ஏன் அழுதாய் என்று கேட்கமாட்டார், என்ன செய்தாய் என்று கேட்பார்.

இப்போது பார், உன் அண்ணனிடத்தில் சித்தம் முந்திக்கொண்டு ஓடியது, புத்தியைக் கேட்காமல் ஓடியது, அதனால்தான் இத்தனை கஷ்டம். உன்னிடத்தில் சித்தம் உட்காரவேண்டிய இடத்தில் உணர்ச்சி ஏறி உட்கார்ந்துகொண்டு நான் இளகினால்தான் எதுவும் நடக்கும் என்கிறது. மனசு வரவில்லை என்று நீ சொன்னது பொய் இல்லை. உணர்ச்சி வரவில்லை, அது நிஜம். ஆனால் கோயிலில் உணர்ச்சியை யார் கேட்டார்கள்? ஞானஸ்நானத் தொட்டி அருகில் நீ எத்தனை தரம் நின்றிருக்கிறாய், பீடச் சிறுவனாக மெழுகுத்திரி பிடித்தவன்தானே. பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்கிறார், விசுவசிக்கிறீர்களா என்று கேட்கிறார், இந்தப் பிள்ளையை ஆண்டவர் வழியில் வளர்க்கத் துணை நிற்பீர்களா என்று கேட்கிறார். பிள்ளையின் தகப்பனைப் பார்த்தால் நெஞ்சு இளகுகிறதா என்று எந்தச் சாமியாரும் கேட்டதில்லை. எனக்குக் கல்யாணம் நடந்தபோதும் "சம்மதமா" என்றுதான் கேட்டார்கள், பிடிச்சிருக்கா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். உன் அப்பாவை அதற்கு முன் ஒரே தரம் பார்த்திருந்தேன், அதுவும் அவர் தலையில் வைக்கோல் கட்டு இருந்தது, முகமே தெரியவில்லை. சம்மதம் என்றேன். பிடித்தது பிறகு. முதல் வாரம் நான் வைத்த மீன்குழம்பு அடிபிடித்துக் கரிந்துவிட்டது, அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு எழுந்துபோய்க் கிணற்றடியில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார், அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அங்கேதான் பிடிக்க ஆரம்பித்தது. அப்படியானால் கோயிலில் நான் சொன்ன சம்மதம் பொய்யா? அது பொய்யென்றால் நீங்கள் இரண்டு பேரும் பிறந்த வீடே பொய்.

நம் ஆண்டவரையே எடுத்துக்கொள். ஒலிவத் தோட்டத்தில் அவருக்கு என்ன வரப்போகிறது என்று தெரியும், அது புத்தி. உயிரே போய்விடும் போல இருக்கிறது என்று சீடர்களிடமே வாய்விட்டுச் சொன்னார், வியர்வை ரத்தமாக விழுந்தது, இந்தப் பாத்திரம் வேண்டாம் என்று கேட்டார், அது உணர்ச்சி. அதே வாயால் உமது சித்தம் நடக்கட்டும் என்றார். உணர்ச்சி அடங்குகிற வரை அவர் காத்திருந்தாரா? நடுங்கிக்கொண்டேதான் சொன்னார். அதை வேஷம் என்று சொல்ல உனக்கு நாக்கு வருமா? எனக்கு இது புரிந்த அன்று கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

என் கதையையும் சொல்கிறேன். அப்பா போனதிலிருந்து ஜெபமாலை சொல்லும்போது எனக்கு உள்ளே ஒன்றும் அசைவதில்லை. முன்பெல்லாம் ஆண்டவர் பாடுகளைச் சொல்லும் வியாகுலத் தேவரகசியம் வந்தால் கண் கலங்கும், இப்போது குக்கர் விசில் எத்தனை வந்தது என்று காது போகிறது. பாவசங்கீர்த்தனத்தில் நம் சாமியாரிடம் சொன்னேன், என் பக்தி செத்துப்போச்சு சாமி என்று. "ஜெபமாலய கையில எடுக்கறீங்களா இல்லியா?" என்றார். எடுக்கிறேன் என்றேன். "அப்புறம் இன்னாமா, எழுந்து போங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றார். வெளியே வந்து சிரித்தேன். உன் அண்ணன் விஷயத்திலும் எனக்கு அப்படித்தான். அடக்கம் முடிந்த பிறகு அவன்மேல் எனக்கு இருந்த கோபம் உன் கோபத்துக்குக் குறைந்ததில்லை. வேளைக்குச் சோறு போடுவது என்று தீர்மானம் செய்துகொண்டேன், போட்டேன், ஒரு வார்த்தை பேசாமல்தான் போட்டேன். தினமும் போடுவதற்கு முன் ஆண்டவரே என் கையை நீட்ட வையும் என்று கேட்டுக்கொள்வேன், ஏனென்றால் சித்தமும் நம் சொந்தப் பலத்தில் நிற்கிறதில்லை, அதற்கும் அவர் கிருபை வேண்டும், அதை மறந்துவிட்டு நான்தான் பெரிய மனசுக்காரி என்று நினைத்தால் அது வேறு பாவம். ஐப்பசி மழையில் அவன் கொல்லைப்புறத்து மோட்டாரைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவி விரலைக் கிழித்துவிட்டது. நான் ஓடிப்போய் அந்த விரலை என் வாயருகில் பிடித்து ஊதிக்கொண்டிருக்கிறேன், நாற்பதைத் தொடப்போகிற ஆளை. கோபம் எங்கே போனது என்று தேடிப் பார்த்தேன், இல்லை. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது, என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

உன் அண்ணனுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. உன் அப்பாவுக்கும் வந்ததில்லை, நமக்கு அது பழக்கம்தான். மன்னிப்புக் கேட்கத் தெரியாதவன், அதற்குப் பதிலாகத் தான் பெற்ற பிள்ளையைத் தூக்கி நீட்டுகிறான் என்று நான் புரிந்துகொண்டேன். நீ எப்படிப் புரிந்துகொள்கிறாயோ அது உன் இஷ்டம். ஞானஸ்நானம் பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு, பெயர்களைக் குருத்து ஞாயிறுக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் சாமியார். நீ வரமுடியாதே என்று கேட்டேன், தூரத்தில் இருப்பவன் தன் சம்மதத்தைச் சொல்லி அனுப்பினால் போதும், அவனுக்குப் பதிலாக வேறொருவர் நின்று பிள்ளையைப் பிடிக்கலாம், ஞானத்தகப்பன் அவன்தான், புத்தகத்தில் அவன் பெயர்தான் ஏறும் என்றார். ஞானத்தகப்பன் உறுதிபூசுதல் வாங்கினவனாக இருக்கணும், உன்னுடையது நம் கோயிலில்தான் நடந்தது, அதனால் அங்கிருந்து சீட்டு ஒன்றும் வேண்டாம். பார்த்தாயா பிரிட்டோ, திருச்சபையே உன் உடம்பு வரவேண்டாம், உன் உணர்ச்சி வரவேண்டாம், உன் சித்தம் ஒன்று வந்தால் போதும் என்கிறது. நீ சிரிக்க வேண்டாம், வீடியோவில் வந்து கையாட்ட வேண்டாம், பழையபடி ஆகிவிட்டது என்று நடிக்க வேண்டாம். ஆனால் ஒன்று, சரி என்றால் அது அந்தக் குழந்தைக்குச் சொல்கிற சரி, ஆயுசுக்கும் அதன் ஆத்துமாவுக்குத் துணை நிற்கணும், அண்ணனோடு அடுத்த சண்டை வந்தாலும் நிற்கணும். அதை யோசித்துச் சொல். உன் புத்தி முழுசாக யோசித்து மாட்டேன் என்றால் அதையும் நான் ஏற்றுக்கொள்வேன், மனசு வரவில்லை என்பதை மட்டும் பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

நீ மாட்டேன் என்றால் வேறு ஆளைப் போடச் சொன்னேன். உன் அண்ணன் போடமாட்டானாம், ஞானத்தாய் மட்டும் போதும், அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்கிறான். குழந்தைக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை, ஞானத்தகப்பன் வாயால் வரணுமாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் உஷாராணியின் பெண் குழந்தை என்றுதான் இருக்கிறது. மளிகைக்கடை சுலோசனா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ரோசம்மா, பேத்திக்கு பேரு வைக்க கெவர்மெண்டு ஆர்டர் வரணுமா?" என்று கேட்கிறாள். வரும் போ என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

எனக்கு நீ பதில் எழுத வேண்டாம், ராஜ்மோகனிடமும் சொல்லி அனுப்ப வேண்டாம். சரியோ இல்லையோ, உன் அண்ணனிடம் நீயே சொல். நான் நடுவில் நின்று இங்கே ஒன்று அங்கே ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தது போதும். அந்த ஞாயிறு குழந்தையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகப்போவது எப்படியும் நான்தான். நீ சரி என்றால் உன் இடத்தில் நின்று, உன் பெயரால் விசுவசிக்கிறேன் என்று சொல்வேன். இல்லையென்றால் பின்பெஞ்சில் பாட்டியாக உட்கார்ந்துகொள்வேன்.

கருவாடு, எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு வைத்திருக்கிறேன், ஊறுகாயைச் சாய்க்காதே, முறுக்கில் பாதி ராஜ்மோகனுக்கு. வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீரில் உப்புப் போட்டுக் குடி. அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைப் பூசையை விடாதே. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், பிதா சுதன் பரிசுத்த ஆவி உன் புத்தியையும் உணர்ச்சியையும் சித்தத்தையும் தம் கையில் வைத்துக்கொள்ளட்டும், உன் அப்பாவின் ஆசீரும் உன்மேல் இருக்கட்டும்.

கடை நேரத்தில் கூப்பிட்டால் மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்காது, கடை சாத்தின பிறகு கூப்பிடு. உன் நம்பரைப் பார்த்ததும் எடுத்துவிடுவான், ஆனால் கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டான். நீ வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ரோசம்மாள்